குப்பைப் பாஸில் வந்த சாம்பல்

படிவம் நிரப்புவது என்றால் எனக்கு எட்டிக்காய் மாதிரிக் கசக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கழிவுச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறாளே, பெரிய படிப்பாளியாக்கும் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கொன்வென்டில் ஏ லெவல் வரைக்கும் படித்தவள். யாழ்ப்பாணத்து மனுஷன் ஒருவரைக் கட்டி வெள்ளவத்தைக்கு வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. கொலன்னாவையில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால், கட்டடத்துக்குச் சீமெந்துக் கல் அறுக்கிற யாட் ஒன்று என் அண்ணனுக்கு இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்ததும் அங்கே அலுவலக வேலைக்குப் போகத் தொடங்கினேன். கடிதம், தொலைபேசி, வங்கி, வாடிக்கையாளரோடு சண்டை எல்லாம் என் பொறுப்பு. "உன்ட வாய்க்குத்தான் நான் சம்பளம் தாறன்" என்று அண்ணன் சொல்வார்.

சீமெந்து கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில்தான் அண்ணன் சாம்பலைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்றால், உலகத்துக்குத் தெரிந்த விஷயம் அவருக்குத் தெரியவந்தது, அவ்வளவுதான். களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஏற்றுமதி வலயத்துக்குள், உடுப்புக்குச் சாயம் போடுகிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே கொதிகலனுக்கு நிலக்கரி எரிப்பார்கள். புகைபோக்கியில் பிடிபடுகிற சாம்பல் முகத்துக்குப் போடுகிற பவுடரைப் போல அவ்வளவு மெல்லிசு. சீமெந்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்தச் சாம்பலைச் சேர்த்தால் கல்லின் முகம் வழவழவென்று வரும். இறுகத்தான் கொஞ்ச நாள் பிடிக்கும், கூட ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு மாதம் போனதும் அண்ணன் ஒரு கல்லைத் தூக்கி, வாங்க வந்தவரின் காலடியில் தொம்மென்று போடுவார். "உடையுதா? பாருங்க, உடையுதா?" என்பார். உடையாது.

தொழிற்சாலைக்காரருக்கும் சந்தோஷம். குவிந்து கிடக்கிற தலையிடியை யாரோ வந்து அள்ளிக்கொண்டு போகிறார்களே! இருந்தாலும் வலயத்துக்குள்ளிருந்து ஒரு துரும்பு வெளியே வருவதற்கும் பாஸ் வேண்டும். அந்தப் பாஸில் இரண்டு வகை. சாமான் பாஸ் என்றால் நாலு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். அதில் ஒருவர் சுங்கத்துக்காரர், எப்போது போனாலும் கதிரையில் இருக்கமாட்டார். குப்பைப் பாஸுக்கு ஸ்டோர் பொறுப்பாளரின் ஒரே ஒரு கையெழுத்துப் போதும். முதல் தடவை எங்கள் லொறி சாமான் பாஸுக்காகக் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை வாசலில் காய்ந்தது. எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டோர் பொறுப்பாளர் ஒரு சிங்களப் பெடியன், நல்ல பிள்ளை. மல்லி, அதாவது தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த முறை நானே நேரில் போய், "மல்லி, நீங்க கழிச்சு விடுற சாமான்தானே, குப்பைப் பாஸிலேயே விடுங்களேன்" என்று சிங்களத்தில் தேனொழுகக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, அது குப்பை எண்டால்..." என்று இழுத்தான். "குப்பைதானே மல்லி, வேற என்ன? தங்கமா?" என்றேன். சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தான். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவனுக்கு ஒரு பெட்டி லவ் கேக் அனுப்பினேன். எங்கள் வீட்டு வழக்கம் அது, அலுவல் பார்த்துத் தருகிற எல்லோருக்கும் டிசம்பரில் கேக் போகும். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக எங்கள் சாம்பல் முழுவதும் குப்பைப் பாஸில்தான் வந்தது. அண்ணனிடம் இதை நான் சொல்லவேயில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, இது ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை. உள்ளுக்குள் என் கெட்டித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் லொறி ட்ரைவரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் மாளிகாவத்தை முஸ்லிம் ஆள், நாங்கள் எல்லோரும் அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"தங்கச்சி, ஒரு கரச்சல் ஈக்குது. லொறிய மூடின படங்கு கிழிஞ்சி சாம்பல் எல்லாம் பின்னால வந்த பொலிஸ்காரன்ட மேல பறந்துட்டு. ஆள் தலையிலருந்து சப்பாத்து வரைக்கும் வெள்ளையா நிக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மன்னிப்புக் கேட்டு அனுப்புங்க நானா" என்றேன்.

"அதில்ல தங்கச்சி. பாஸக் கேட்டான், குடுத்தேன். குப்பைன்னு போட்டீக்காம், எங்க கொண்டு போறன்னு கேக்கிறான். கல்லு அறுக்கன்னு சொன்னேன். குப்பையில கல்லு அறுக்கிறதான்னு சொல்லி லொறிய ஸ்டேஷனுக்குள்ள போடச் சொல்லிட்டான்."

சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. லொறி சாம்பலோடு பொலிஸ் வளவுக்குள் போய்விட்டது. பொலிஸார் சுற்றாடல் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க, வியாழக்கிழமை அங்கிருந்து ஓர் இளம் அதிகாரி யாட்டுக்கு வந்தாள். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். கதைத்தது சிங்களத்தில், மரியாதையாகத்தான் கதைத்தாள். என்னை ஆன்டி என்றாள். கையில் அந்தப் பாஸின் பிரதி.

"ஆன்டி, கழிவு ஏத்துறதுக்கும் வச்சிருக்கிறதுக்கும் உங்களிட்ட லைசன் இருக்கா?"

"கழிவு எங்க மிஸ் இருக்கு? இது சாம்பல். சீமெந்து செய்யிற வேலையைத்தான் இதுவும் செய்யுது. சீமெந்து வச்சிருக்கிறதுக்கு ஆராவது லைசன் கேக்கிறாங்களா?"

"சீமெந்தை ஒருத்தரும் வீசேல்ல. இதை ஃபெக்டரி வீசியிருக்கு. வீசினது கழிவு. அதை எடுக்கிறவருக்கு லைசன் வேணும். பிரயோசனமா இல்லையா எண்டது அதுக்குப் பிறகுதான்."

"அப்ப நல்ல சாமானைக்கூடக் குப்பை எண்டு சொல்லுவீங்களா?"

"நான் சொல்லேல்ல ஆன்டி. இந்தப் பாஸ் சொல்லுது. ஃபெக்டரி இதை விக்கிற சாமான் எண்டு ஆய்வு அறிக்கையோட சாமான் பாஸில அனுப்பியிருந்தா, நாங்க வேற விதமாப் பார்த்திருப்பம். இதில என்ன கலந்திருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

குவியல் கிடக்கிற இடத்தைக் கையால் காட்டினேன். அவள் சாம்பல் குவியலில் நாலு மூலையிலும் அள்ளிப் பைகளில் கட்டினாள். வெவ்வேறு காலத்தில் அறுத்த கற்களில் ஒவ்வொன்று எடுத்தாள். பொலிஸ் வளவில் நின்ற லொறியிலும் அள்ளியிருந்தாளாம். தண்ணீரில் ஊறவைத்து அதிலிருந்து என்னென்ன உலோகம் எவ்வளவு கரைந்து வருகிறது என்று பார்ப்பார்கள் என்றாள். பிறகு குவியலைப் படங்கால் மூடி, சுற்றிவர நாடா கட்டி, முடிவு வரும்வரை ஒரு பிடிகூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அளவு தாண்டினால் யாட்டை மூட வேண்டிவரும் என்பதையும் சொன்னாள்.

அண்ணனுக்கு ஆத்திரம் முழுவதும் ஸ்டோர் பொறுப்பாளர் மேல். "அந்தப் பெடியன்தான் சோம்பல்ல குப்பைப் பாஸ் வெட்டியிருக்கிறான். அவனால நான் நடுத்தெருவில நிக்கிறன்" என்று போனில் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு நாள் அல்ல, தினமும். அவனுடைய மேலாளரிடம் போய் முறையிடப் போவதாகவும் சொன்னார். அந்தப் பெடியன் ஒரு தடவைகூட என் பெயரை எடுக்கவில்லை. நான் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு கடிதங்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன். சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

எனக்குச் சட்டத்தின் மேலும் எரிச்சல்தான். எங்கள் யாட்டுக்கு நாடா கட்டினார்களே, அதற்குப் பிறகு தொழிற்சாலையில் சாம்பல் குவியாமல் நின்றுவிட்டதா? யாரோ ஒருவன் வந்து அள்ளிக்கொண்டு போய்ச் சதுப்பில் கொட்டினான் என்று நானா கேள்விப்பட்டு வந்தார். கொட்டுகிறவனுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, கல்லாக்குகிறவன் திருடன் மாதிரி நிற்கிறான். இதை வீட்டில் சத்தமாகச் சொன்னபோது என் மனுஷன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இஞ்சேரும், நீர் சட்டத்தோட கோபமோ, உம்மோட கோபமோ?" என்று கேட்டார். இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தால் இப்படித்தான் கேட்கத் தோன்றும். போய்ச் சோற்றைப் போட்டுச் சாப்பிடுங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கொட்டாஞ்சேனைக்குப் பூசைக்குப் போனேன். கல்யாணமாகி எவ்வளவு காலமானாலும் எனக்குப் பூசை அங்கேதான். எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் சிஸ்டர்மார் நடத்துகிற பாலர் வகுப்பு இருக்கிறது. அதற்குப் புதிதாக இரண்டு அறை கட்டுவதென்று முடிவெடுத்தபோது, கல் முழுவதும் தன் யாட்டிலிருந்து என்று அண்ணன் நேர்ந்துகொண்டார். முதல் அறை எழும்பிவிட்டது. பூச்சு இன்னும் பூசவில்லை, வெறும் கல்தான். இரண்டாவது அறைக்கு அத்திவாரம் போட்டுக் கிடந்தது. பூசை முடிந்து வரும்போது, மறைக்கல்விக்கு வந்த சின்னப் பிள்ளைகள் அந்தச் சுவரோரமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு ரயில் ஓடினார்கள். ஒரு சின்னவள் நின்று தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் தூள். அதைப் பாவாடையில் துடைத்துவிட்டு விரலை வாய்க்குள் வைத்தாள்.

எனக்கு யாட், லொறி, லைசன் எல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோயின. இதில் என்ன கலந்திருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமா என்று அந்த அதிகாரிப் பெட்டை கேட்டாளே, மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது நான் அதைக் கேட்டேனா? சாமான் பாஸில் வந்திருந்தால் நாலு கையெழுத்தில் ஒருவராவது கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைக் கேக் கொடுத்து வாயடைத்தவள் நான். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அதே சுவர்தான் என்று நினைவு வந்து கையை எடுத்தேன்.

அன்றைக்கே அண்ணன் வீட்டுக்கு நடந்தேன், கோயிலிலிருந்து ஐந்து நிமிஷம். அண்ணன் மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தப் பெடியனை ஏசாதீங்க. குப்பைப் பாஸ் கேட்டது நான்."

"என்னது?"

"நான்தான் கேட்டனான். மூணு வருஷமா. சாமான் பாஸுக்கு லொறி காயுதெண்டு."

அண்ணன் கையில் இருந்த இடியப்பத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். முகம் சிவந்தது, இனி வெடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அடி நாசமாப் போனவளே" என்றார். கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "உனக்கு ஏச வேண்டியது முழுக்க அவனுக்கு ஏசித் தீர்த்துட்டன். இனி என்னட்ட மூச்சில்ல. போய் அவனிட்ட நீயே மன்னிப்புக் கேள்" என்றார்.

"கேக்கிறன். அண்ணா, அதில்ல இப்ப. பாலர் வகுப்புச் சுவர்."

அவருக்கு விளங்கிவிட்டது. கையைக் கழுவாமலே எழும்பி நின்றார். இரண்டு பேரும் போய் சிஸ்டரைக் கண்டோம். ஒன்றும் ஒளிக்காமல் நான்தான் சொன்னேன். சிஸ்டர் எங்களை ஏசவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திங்கட்கிழமையே பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றி, அறையைப் பூட்டினார். அதே திங்கள் நான் சுற்றாடல் அலுவலகத்துக்குப் போய் அந்த அதிகாரியிடம், "மிஸ், எங்கட கல்லில ஒரு பாலர் வகுப்பு நிக்குது. அந்தச் சுவரையும் பாருங்க" என்றேன். இதைச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை என்று அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பின்னேரமே கொட்டாஞ்சேனைக்கு வந்து சுவரில் நாலு இடத்தில் சுரண்டி எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் நான் செய்தது படிவம் நிரப்புகிற வேலைதான். லைசனுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், முடிவு நல்லபடி வந்தால் உதவும் என்று அந்த அதிகாரிதான் சொன்னாள். சாம்பல் எங்கிருந்து வருகிறது, எதை எரித்த சாம்பல், எப்படி மூடி ஏற்றுவீர்கள், மழை வந்தால் ஓடுகிற தண்ணீர் எங்கே போகும் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. முதலில் திட்டிக்கொண்டுதான் எழுதினேன். நாலாம் பக்கத்துக்கு வரும்போது திட்டுவதை நிறுத்திவிட்டேன். எதை எரித்த சாம்பல் என்ற கட்டத்தை நிரப்ப ஸ்டோர் பொறுப்பாளருக்குப் போன் எடுத்து, முதலில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றான். "நிலக்கரி எண்டுதான் எனக்குத் தெரியும். கொதிகலன் பக்கம் என்னை விடமாட்டாங்க" என்றான். யாட்டில் சாம்பலில்லாத கல்லாகக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார்கள். அண்ணன் கல்லைக் காலடியில் போட்டுக் காட்டுவதை விட்டுவிட்டார்.

அழைப்பு ஒரு புதன்கிழமை வந்தது, இரண்டு பேரும் வாருங்கள் என்று. பொரளையில் பஸ் மாறும்போது அண்ணன் செபமாலையை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். அலுவலகம் மூன்றாம் மாடியில். அந்த அதிகாரி எங்களை இருக்கச் சொல்லிவிட்டு ஒரு கோப்பைத் திறந்தாள்.

"பாலர் வகுப்புச் சுவர் நல்லம். எல்லாம் அளவுக்கு நல்லாக் கீழ. யாட்டில இருக்கிற குவியலும் நல்லம். நாங்க எடுத்த பழைய கல்லும் நல்லம்."

எனக்கு மேசை, கதிரை, அவள் முகம் எல்லாம் கலங்கித் தெரிந்தன. அண்ணன் "மாதாவே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! அந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பெட்டையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன், நடுவில் மேசை இருந்ததால் தப்பினாள். அவள் சிரிக்கவில்லை.

"ஆன்டி, இன்னொண்டு இருக்கு. பொலிஸில நிக்கிற லொறிச் சாம்பல்."

"அதுவும் அதே சாம்பல்தானே மிஸ்?"

"இல்ல." ஒரு தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தாள். சிவப்புப் பேனையால் இரண்டு வரிக்கு வட்டம் போட்டிருந்தது. "அது அளவைத் தாண்டியிருக்கு. நல்லாத் தாண்டியிருக்கு. நாங்க ஃபெக்டரிக்குப் போய்ப் பார்த்தம். சாயத் தண்ணியைச் சுத்திகரிக்கிறபோது அடியில ஒரு சேறு மிஞ்சும். அது ஆபத்தான கழிவு, லைசன் உள்ளவங்களிட்ட குடுத்து அழிக்கோணும். அதுக்குச் செலவு. லொறி பிடிபடுறதுக்குக் கொஞ்ச நாளுக்கு முந்தித்தான் அதைக் காய வச்சு நிலக்கரியோட கொதிகலனுக்குள்ள போடத் தொடங்கியிருக்கிறாங்க. சேறு எரியும், அதில இருக்கிற உலோகம் எரியாது. அப்பிடி வந்த சாம்பலில நீங்க ஏத்தின முதல் லொறி அதுதான்."

ஃபெக்டரிக்கு எதிராக வழக்குப் போடுவதாகச் சொன்னாள். எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும், லைசன் கிடைத்த பிறகு ஒவ்வொரு லொறிக்கும் ஆய்வு அறிக்கை இல்லாமல் ஒரு பிடியும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும். நான் எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டினாள், வைத்தேன். எத்தனை இடத்தில் கேட்டிருந்தாலும் வைத்திருப்பேன்.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த லொறி வந்திருந்தா புதன் விடியக் கலவையில போட்டிருப்பம்" என்றார். அந்தக் கிழமை எதற்குக் கல் அறுக்க இருந்தோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பாலர் வகுப்பு, இரண்டாவது அறை என்று ஓடர் புத்தகத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன்.

சிஸ்டருக்குப் போன் எடுத்தேன். பின்னால் மண்டபத்தில் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது.

"சிஸ்டர், சுவர் நல்லம். பிள்ளைகளை அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போங்க."

"ஆண்டவருக்குத் தோத்திரம்! முழுக்கச் சோதிச்சவங்களா? ஒரு கவலையும் இல்லையே?"

"ஒரு கவலையும் இல்ல சிஸ்டர்."

"அப்ப மற்ற அறை?" என்று கேட்டார்.

"அது இன்னும் கட்டேல்ல, சிஸ்டர்" என்றேன். "கட்டேல்ல. ஒரு கல்லும் வைக்கேல்ல." போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்தப் படியிலேயே குந்தி, போகிற வருகிற அதிகாரிமார் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.